பட்டினி போட்டால் போதுமா? பாக்டீரியாவின் டி.என்.ஏ ஏற்புத்திறன் பற்றி ஓர் இழை

பிப்ரவரி 4, இரவு 9.20 (இழை தொடங்கியவர்)

பாக்டீரியா பசியெடுத்தால்தான் வெளியில் கிடக்கும் டி.என்.ஏ-வை உள்ளே இழுக்கும் என்று படித்திருக்கிறேன். அதனால் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் 168 இனத்தை உப்பும் குளுக்கோசும் மட்டும் இருக்கும் ஊடகத்தில் இரவு முழுக்கப் பட்டினி போட்டு, காலையில் 1 மைக்ரோகிராம் பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் வட்ட டி.என்.ஏ) சேர்த்து, 2 மணி நேரம் கழித்துத் தட்டில் பரப்பினேன். ஒரு காலனிகூட இல்லை. அதே பிளாஸ்மிட் ஈ.கோலையில் அள்ளிக் கொடுக்கிறது. டி.ஹெச்.5 ஆல்ஃபா என்ற ஈ.கோலை இனத்திலிருந்து எடுத்தது, அளவும் தூய்மையும் சரி. பசி போதவில்லையா? இன்னும் ஒரு நாள் விடலாமா?

பிப்ரவரி 4, இரவு 10.05

இன்னும் ஒரு நாள் விட்டால் வித்துதான் மிஞ்சும். உங்கள் வேலையில் மூன்று தவறுகள் தெரிகின்றன. மூன்றும் தனித்தனி, ஒவ்வொன்றும் தனியாகவே காலனியைப் பூஜ்யமாக்கப் போதும்.

ஒன்று, நேரம். இரவு முழுக்க விட்ட கல்ச்சரில் ஏற்புத்திறன் வந்திருந்தாலும் போயிருக்கும். இரண்டு, 168-க்கு டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் வேண்டும். அது டிஆர்பி சி2 என்ற பிறழ்வு உள்ள இனம், தானாக டிரிப்டோபேன் செய்யாது. நீங்கள் போட்டதாக எழுதவில்லை. மூன்று, பிளாஸ்மிட் எடுத்த இடம். இதுதான் பெரிய விஷயம், நாளை தனியாக எழுதுகிறேன்.

“பசி” என்ற சொல்லையும் கொஞ்சம் தள்ளி வைப்போம். பசி ஒரு காரணம்தான். ஆனால் எந்தப் பாக்டீரியாவும் பசியைப் பொதுவாக அளப்பதில்லை. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குறிப்பிட்ட செய்தியைத்தான் கேட்கிறது. அந்தச் செய்தி கிடைக்காமல் எத்தனை நாள் பட்டினி போட்டாலும் கதவு திறக்காது.

பிப்ரவரி 4, இரவு 10.50

பேசில்லஸின் கதவு எப்படித் திறக்கிறது என்று சுருக்கமாக.

நடுவில் காம்கே என்ற புரதம். டி.என்.ஏ-வை இழுக்கும் கருவியின் மரபணுக்கள் அத்தனையையும் படியெடுக்க வைப்பது இதுதான். தன் மரபணுவையும் தானே தூண்டிக்கொள்ளும். அதாவது ஒரு அளவைத் தாண்டினால் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு மேலே போய்விடும், தாண்டாவிட்டால் கீழேயே கிடக்கும்.

சாதாரண நேரத்தில் காம்கே உருவானவுடனேயே மெக்ஏ என்ற புரதம் அதைப் பிடித்து, கிளிப்சி-கிளிப்பி என்ற புரத அரவை எந்திரத்திடம் கொடுத்துவிடும். அங்கே துண்டுதுண்டாகிவிடும்.

செல் நெருக்கம் கூடும்போது காம்எக்ஸ் என்ற சிறு பெப்டைடு வெளியே சேர்கிறது. காம்பி அதை உணர்ந்து காம்ஏ-வைத் தூண்ட, காம்எஸ் என்ற சின்னப் புரதம் உருவாகும். காம்எஸ் மெக்ஏ-வை அழித்துவிடும். காம்கே தப்பிக்கும்.

பசி எங்கே வருகிறது என்றால், அமினோ அமிலம் தாராளமாக இருக்கும்வரை கோட்ஒய் என்ற அடக்கி காம்கே மரபணு மேல் உட்கார்ந்திருக்கும். ஏபிஆர்பி, ராக் என்று இன்னும் இரண்டு அடக்கிகளும் அங்கே உண்டு. ஆக, நெருக்கம் ஒரு பூட்டு, சாப்பாடு இன்னொரு பூட்டு. நீங்கள் இரண்டாவதை மட்டும் திறந்திருக்கிறீர்கள். வெறும் உப்பும் குளுக்கோசும் உள்ள ஊடகத்தில் செல் நெருக்கமே வந்திருக்காது.

பிப்ரவரி 5, காலை 6.40

நேற்று இரவு எழுதியதில் ஒரு பிழை. காம்எஸ் மெக்ஏ-வை அழிப்பதில்லை. மெக்ஏ-வில் காம்கே உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அரவை எந்திரத்தில் அரைபடுவது காம்எஸ்தான். காம்கே-க்குப் பதிலாகத் தான் பலியாகிறது. இந்தத் திருத்தம் முக்கியம். காம்எஸ் வரத்து நின்றால் மெக்ஏ அங்கேயேதான் இருக்கிறது, உடனே மறுபடி காம்கே-யைப் பிடிக்கும். ஏற்புத்திறன் தானாக அடங்குவதற்கு இதுதான் வழி. உச்சத்துக்குப் போன காம்கே, காம்எஸ் படியெடுப்பைக் குறைத்துவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் தன் கதவைத் தானே சாத்திக்கொள்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காம்எஸ் மரபணு தனியாக இல்லை. சர்ஃபாக்டின் என்ற நுரைப்பொருளைச் செய்யும் எஸ்ஆர்எஃப்ஏ மரபணு வரிசைக்கு உள்ளேயே, வேறு வாசிப்புச் சட்டகத்தில் ஒளிந்திருக்கிறது. ஃபெர்மென்டரில் நுரை தொல்லை என்று எஸ்ஆர்எஃப்ஏ-வை முழுதாக வெட்டியெடுப்பவர்கள் உண்டு. வெட்டியதும் அந்த இனம் டி.என்.ஏ எடுப்பதை நிறுத்திவிடும், ஏன் என்று புரியாமல் திணறுவார்கள். 168 சர்ஃபாக்டின் செய்வதில்லை, அதற்குத் தேவையான எஸ்எஃப்பி மரபணு அதில் பழுது. ஆனாலும் எஸ்ஆர்எஃப்ஏ படியெடுக்கப்படுகிறது, காம்எஸ் வருகிறது. வெட்ட வேண்டுமென்றால் மற்ற மரபணு மாற்றங்களை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் வெட்டுங்கள், அல்லது காம்எஸ்-ஐ வேறு இடத்தில் வைத்துவிட்டு வெட்டுங்கள்.

பிப்ரவரி 5, மதியம் 1.15

இனி பிளாஸ்மிட்.

ஈ.கோலையில் கால்சியம் குளோரைடும் வெப்ப அதிர்ச்சியும் கொடுத்துச் செய்வது (மேண்டலும் ஹிகாவும் 1970-இல் காட்டிய வழி) வேறு வேலை. அங்கே பிளாஸ்மிட் வட்டமாக, இரட்டை இழையாக, முழுசாக உள்ளே போகிறது. செல் எதையும் இழுக்கவில்லை, நாம் திணிக்கிறோம்.

பேசில்லஸில் செல் இழுக்கிறது. வெளியே காம்ஜிசி முதலான புரதங்களாலான இழையமைப்பு டி.என்.ஏ-வைச் சுவர் வழியே கொண்டுவருகிறது. காம்இஏ அதைப் பிடித்துக்கொள்கிறது. நியூக்ஏ வெட்டுகிறது. காம்இசி என்ற சவ்வுத் துளை வழியே ஒரே ஒரு இழை மட்டும் உள்ளே போகிறது, மற்ற இழை வெளியிலேயே சிதைகிறது. வேகம் நொடிக்கு ஏறக்குறைய 80 டி.என்.ஏ எழுத்து. வட்டமாக வந்த பிளாஸ்மிட் உள்ளே போகும்போது ஒற்றை இழை நூல் துண்டு.

ஒற்றைப் பிரதியாக இருந்த பிளாஸ்மிட்டிலிருந்து வந்த நூலால் மறுபடி வட்டமாக முடியாது. முனைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. இரண்டு மூன்று பிரதிகள் வரிசையாக ஒட்டிய பன்மடிப் பிளாஸ்மிட் என்றால் ஒரே எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வரும், துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து வட்டத்தை மீட்டுவிடும். டி.ஹெச்.5 ஆல்ஃபாவில் செயல்படும் ரெக்ஏ (ஒத்த டி.என்.ஏ இழைகளைப் பொருத்தி இணைக்கும் புரதம்) இல்லை, அதனால் அது பெரும்பாலும் ஒற்றைப் பிரதியையே தருகிறது. குளோனிங்குக்கு அது நல்ல குணம், இங்கே அதுவே கெடுக்கிறது. ஜே.எம்.101, டி.ஜி.1 போல ரெக்ஏ உள்ள இனத்தில் பிளாஸ்மிட்டை ஒரு முறை ஏற்றி எடுத்து வாருங்கள். ஜே.எம்.109-ஐ எடுத்துவிடாதீர்கள், பெயர் பக்கத்தில் இருந்தாலும் அதிலும் ரெக்ஏ பழுது.

அகரோஸ் ஜெல்லில் வெட்டாமல் ஓட்டிப் பாருங்கள். டி.ஹெச்.5 ஆல்ஃபா தயாரிப்பில் கீழே ஒரு பட்டை தடிமனாக நிற்கும். டி.ஜி.1 தயாரிப்பில் அதற்கு மேலே படிக்கட்டு போல இரண்டு மூன்று பட்டைகள் தெரியும். அந்த மேல் பட்டைகள்தான் உங்களுக்குக் காலனி தரப்போகிறவை.

பிப்ரவரி 5, மாலை 4.30 (இழை தொடங்கியவர்)

ஜெல் ஓட்டினேன். ஒரே பட்டை. டிரிப்டோபேனும் போடவில்லை. குரோமோசோமில் நுழைக்கும் பிளாஸ்மிட்டுக்கும் இதே சிக்கலா? செய்முறையை அளவோடு தர முடியுமா?

பிப்ரவரி 5, இரவு 8.45

குரோமோசோமில் நுழைவதற்குப் பன்மடி தேவையில்லை. வந்த ஒற்றை இழையை ரெக்ஏ எடுத்துக் குரோமோசோமின் பொருத்தமான இடத்தில் நேராகப் பொருத்திவிடும். இரு பக்கமும் 500 எழுத்துக்கு மேல் பொருத்தம் இருக்கட்டும். குரோமோசோமில் வழக்கமாக மரபணு நுழைக்கும் ஏஎம்ஒய்இ இடத்தில் நுழைப்பதென்றால் பிளாஸ்மிட்டை நேர்த்துண்டாக வெட்டியே போடுங்கள். பி.சி.ஆர் துண்டும் நன்றாக வேலை செய்யும்.

செய்முறை. ஊடகத்தை 10 மடங்குச் செறிவில் செய்து, வடிகட்டி, உறைய வைத்துக்கொள்ளலாம். பயன்படுத்தும் செறிவில் இருக்க வேண்டியவை: பொட்டாசியம் பாஸ்பேட் 100 மில்லிமோலார், பிஹெச் 7. சோடியம் சிட்ரேட் 3 மில்லிமோலார். குளுக்கோஸ் 2 சதவீதம். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் மில்லிலிட்டருக்கு 22 மைக்ரோகிராம். கேசின் ஹைட்ரோலைசேட் (பால் புரதத்தை உடைத்த அமினோ அமிலக் கலவை) 0.1 சதவீதம். பொட்டாசியம் குளூட்டமேட் 0.2 சதவீதம். பயன்படுத்தும் அன்று மட்டும் மெக்னீசியம் சல்பேட் 3 மில்லிமோலார், டிரிப்டோபேன் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் சேர்க்க வேண்டும். மெக்னீசியத்தை 10 மடங்குச் செறிவில் முன்பே கலந்தால் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிந்துவிடும்.

முந்தைய இரவு தட்டில் வளர்த்த புதுக் காலனியை எடுத்து, 100 மில்லி குடுவையில் 10 மில்லி ஊடகத்தில் கரையுங்கள். தொடக்க ஓ.டி. (கல்ச்சரின் கலங்கல் அளவு) 0.05 முதல் 0.1. 37 டிகிரி, நிமிடத்துக்கு 200 சுற்று. நாலு முதல் ஐந்து மணி நேரத்தில் வளர்ச்சிக் கோடு வளையத் தொடங்கும். அந்த வளைவுக்குப் பின் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம்தான் ஜன்னல். அப்போது 400 மைக்ரோலிட்டர் எடுத்து, 0.5 முதல் 1 மைக்ரோகிராம் டி.என்.ஏ போட்டு, 37 டிகிரியில் குழாயைச் சாய்த்து வைத்து ஆட்டுங்கள். 2 மணி நேரம் கழித்துப் பரப்புங்கள்.

அந்த 2 மணி நேரத்தைக் குறைக்காதீர்கள். ஏற்புத்திறன் வந்த செல் பெருகுவதில்லை. இழுக்கும் கருவியின் ஒரு பகுதியான காம்ஜிஏ-வே செல் வளர்ச்சியைத் தடுத்து வைக்கிறது. மரபணு உள்ளே போய், பொருந்தி, எதிர்ப்புப் புரதம் உருவாக நேரம் வேண்டும். 1963-இல் நெஸ்டரும் ஸ்டாக்கரும் இந்தக் குணத்தை வைத்துத்தான் ஒன்றைக் காட்டினார்கள்: பெனிசிலின் பெருகும் செல்லைக் கொல்லும், டி.என்.ஏ எடுத்த செல்கள் அதில் தப்பித்தன.

பிப்ரவரி 5, இரவு 9.10

கேசின் ஹைட்ரோலைசேட் பற்றி ஒரு வரி. 0.1 என்பதை 1 என்று போட்டால் கல்ச்சர் கொழுகொழுவென்று வளரும், காலனி வராது. கோட்ஒய் அடக்கி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அதே காரணத்தால் எல்.பி. என்ற ஊட்டமான ஊடகத்தில் வளர்த்து நேராக டி.என்.ஏ போடுவதும் வீண்.

பிப்ரவரி 6, காலை 7.30 (நிமோகாக்கஸ் மேசையிலிருந்து)

இவ்வளவு நேரம் பேசில்லஸ் மட்டுமே பேசியதால் தலைப்புக் கேள்விக்குத் தவறான பதில் பதிந்துவிடுமோ என்று எழுதுகிறேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே பசியைப் பார்ப்பதே இல்லை. நன்றாகத் தின்று வேகமாகப் பெருகும்போதுதான், ஓ.டி. 0.05 பக்கத்திலேயே, ஏற்புத்திறன் வரும். 1928-இல் கிரிஃபித் எலிக்குள் பார்த்ததும், 1944-இல் ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி மூவரும் அந்த மாற்றுப்பொருள் டி.என்.ஏ-தான் என்று நிறுவியதும் இந்தப் பாக்டீரியாவில்தான்.

செய்தி சி.எஸ்.பி. என்ற 17 அமினோ அமிலப் பெப்டைடு. ஹேவர்ஸ்டைனும் மாரிசன் குழுவும் 1995-இல் பிரித்தெடுத்தார்கள். காம்ஏபி அதை வெளியே அனுப்பும், காம்டி உணரும், காம்இ தூண்டப்படும். காம்இ முதல் வேலையாக சி.எஸ்.பி. மரபணுவையே மேலும் தூண்டும். இரண்டாவதாக காம்எக்ஸ் என்ற சிக்மா காரணியை (எந்த மரபணுவைப் படியெடுக்க வேண்டும் என்று காட்டும் புரதம்) உருவாக்கும். அதுதான் இழுக்கும் கருவியின் மரபணுக்களைத் திறக்கும்.

இங்கே புதியவர்கள் வழுக்கும் இடம்: பேசில்லஸின் காம்எக்ஸ் வெளியே மிதக்கும் பெப்டைடு, நிமோகாக்கஸின் காம்எக்ஸ் உள்ளே இருக்கும் சிக்மா காரணி. பெயர்தான் ஒன்று, உறவே இல்லை. ஏற்புத்திறன் கட்டுரைகளில் சிக்எக்ஸ் என்று எழுதியிருந்தால் நிமோகாக்கஸ் பக்கத்து ஆள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பிப்ரவரி 6, காலை 8.00 (அதே மேசை)

அளவுகள். பிஹெச் 6.8-இல் வளர்த்தால் தானாகத் தூண்டப்படாது. அந்த நிலையில் ஓ.டி. 0.1 தாண்டும்முன் 15 சதவீத கிளிசராலில் உறைய வைத்துக்கொள்ளுங்கள். வேண்டும்போது பிஹெச் 7.8 ஊடகத்தில் நீர்க்கச் செய்து, கால்சியம் குளோரைடு 1 மில்லிமோலார், மாட்டு சீரம் ஆல்புமின் 0.2 சதவீதம், சி.எஸ்.பி. மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம். 37 டிகிரியில் 10 நிமிடம். டி.என்.ஏ. பிறகு 30 டிகிரியில் 20 நிமிடம். பிறகு எதிர்ப்புப் புரதம் உருவாக 37 டிகிரியில் ஒன்றரை மணி நேரம்.

நிமிடக் கணக்கில் தவறக்கூடாது. அரை மணி நேரத்துக்கெல்லாம் கதவு சாத்திக்கொள்ளும். சாத்துவது டிபிஆர்ஏ. உள்ளே வந்த ஒற்றை இழையைக் காப்பாற்றி ரெக்ஏ-விடம் சேர்க்கும் அதே புரதம், தூண்டப்பட்ட காம்இ-யைப் பிடித்து அடக்குகிறது. டி.என்.ஏ போட மறந்து 40 நிமிடம் கழித்து மறுபடி சி.எஸ்.பி. ஊற்றினால் ஒன்றும் நடக்காது, சுமார் ஒரு மணி நேரம் செல் செவிடாக இருக்கும். புதுக் குழாயில் தொடங்குவதே வழி.

பெப்டைடு வகையையும் பாருங்கள். ஆர்6, டி39 இனங்களுக்கு சி.எஸ்.பி.-1. டைகர்4-க்கு சி.எஸ்.பி.-2. மாற்றி ஊற்றினால் காம்டி அதைக் கண்டுகொள்ளாது.

பிப்ரவரி 6, காலை 10.20

நல்ல குறுக்கீடு, நன்றி. இதைப் படித்ததும் நான் முதல் நாள் எழுதிய “பசி ஒரு காரணம்தான்” என்பதைக்கூட பேசில்லஸ் போன்ற சிலவற்றுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொள்கிறேன்.

நிமோகாக்கஸில் இன்னொன்றும் உண்டு. அதற்கு ஈ.கோலை போல எஸ்.ஓ.எஸ். என்ற டி.என்.ஏ பழுது எச்சரிக்கை அமைப்பு இல்லை. மைட்டோமைசின் சி, ஃபுளோரோகுயினலோன் மருந்துகள் பட்டால் ஏற்புத்திறன் தூண்டப்படுவதை 2006-இல் காட்டினார்கள். டி.என்.ஏ இரட்டிப்பு பாதியில் நிற்கும்போது, இரட்டிப்பு தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள மரபணுக்களின் பிரதி எண்ணிக்கை கூடுகிறது. சி.எஸ்.பி. மரபணு உள்ள காம்சிடிஇ வரிசை அங்கேதான் இருக்கிறது. பிரதி கூட, சி.எஸ்.பி. கூட, கதவு திறக்கிறது. உணர்வி என்று தனியாக எதுவும் வேண்டியிருக்கவில்லை, மரபணு உட்கார்ந்திருக்கும் இடமே உணர்வி. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கட்டுப்பாடு இதுதான்.

மருத்துவமனைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது படிப்பு விஷயம் மட்டுமல்ல. பாக்டீரியாவைக் கொல்லக் கொடுக்கும் மருந்தே, அளவு குறைந்த இடத்தில், எதிர்ப்பு மரபணுவை வாங்கிக்கொள்ளும் கதவைத் திறக்கக்கூடும்.

பிப்ரவரி 6, மாலை 5.50 (இழை தொடங்கியவர்)

அப்படியானால் “பசி” என்று ஏன் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது?

பிப்ரவரி 6, இரவு 9.30

ஹீமோபிலஸ் இன்ஃப்ளுயன்சேயால். அதில்தான் பசி நிஜமாகவே மையத்தில் இருக்கிறது.

ஊட்டமான ஊடகத்தில் வேகமாக வளரும்போது ஏறத்தாழ பத்து கோடியில் ஒரு செல்தான் டி.என்.ஏ-வை எடுத்து மாறும். எம்-4 என்ற பட்டினி ஊடகத்துக்கு மாற்றினால் அது நூறில் ஒன்று வரை ஏறும். ஓ.டி. 0.2 முதல் 0.25-க்குள் எடுத்து, கழுவி, அதே கொள்ளளவு எம்-4-இல் கரைத்து, 37 டிகிரியில் மெதுவாக ஆட்டி 100 நிமிடம். பிறகு 1 மில்லிக்கு 1 மைக்ரோகிராம் டி.என்.ஏ, 15 நிமிடம். இங்கே அடிக்கடி கெடுவது முன்னால் உள்ள வளர்ப்பு. ஹீமின் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், என்.ஏ.டி. 2 மைக்ரோகிராம் வேண்டும். ஹீமின் கரைசல் பழசானால் வளர்ச்சி தள்ளாடும், ஓ.டி. 0.25-க்கு வருவதற்குள் செல் ஏற்கெனவே சோர்ந்திருக்கும். அப்படி வந்த செல் எம்-4-இல் சரியாகத் தயாராகாது.

சர்க்கரை தீர்ந்தால் சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறும், சிஆர்பி புரதம் அதைப் பிடித்துக்கொண்டு எஸ்எக்ஸ்ஒய் மரபணுவைத் தூண்டும். பிறகு எஸ்எக்ஸ்ஒய்யும் சிஆர்பியும் சேர்ந்து இழுக்கும் மரபணுக்களைத் திறக்கும். சிஆர்பி தனியாக வந்தால் அந்த மரபணுக்கள் திறக்காது, அவற்றின் முன்னால் உள்ள கட்டுமிடம் வழக்கமான சிஆர்பி இடத்திலிருந்து சற்று மாறியது.

ரோஸி ரெட்ஃபீல்டு என்ற ஆய்வாளர் இதை நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்: செல் டி.என்.ஏ-வை இழுப்பது முதலில் சாப்பாட்டுக்கு, மரபணு மாற்றம் கூட வரும் விளைவு. அவர் பக்கத்துக்கு நல்ல ஆதாரம் உண்டு. எம்-4-இல் ஏ.எம்.பி. அல்லது ஜி.எம்.பி. சேர்த்தால் ஏற்புத்திறன் பலமாக விழுந்துவிடும். நியூக்ளியோடைடு கையில் இருந்தால் வெளியே தேட வேண்டியதில்லை என்று செல் கணக்குப் போடுகிறது. ஊடகத்தில் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் துளி தங்கினாலும் அதே விளைவு வரும், அதனால்தான் கழுவும் வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

ஆனால் சாப்பாட்டுக்காக மட்டும் என்றால் ஒரு கேள்வி நிற்கிறது. ஹீமோபிலஸ் கண்ட டி.என்.ஏ-வையும் எடுப்பதில்லை. “ஏ ஏ ஜி டி ஜி சி ஜி ஜி டி” என்ற 9 எழுத்து அடையாளம் உள்ளதைத்தான் விரும்பி எடுக்கும். அதன் சொந்த ஜீனோமில் இந்த அடையாளம் 1,400-க்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. பசித்தவன் சொந்த வீட்டுச் சோற்றை மட்டும் ஏன் தேடுகிறான்? இழுக்கும் கருவியின் ஒட்டும் விருப்பத்தால் ஜீனோமில் அந்த எழுத்துகள் காலப்போக்கில் தானாகக் குவிந்தன என்பது ரெட்ஃபீல்டு தரப்புப் பதில். என் கருத்தில் அந்தப் பதில் அடையாளம் எப்படி வந்தது என்பதை விளக்குகிறது. ஆனால் உள்ளே வரும் இழையைக் காக்கவென்றே டிபிஆர்ஏ போன்ற புரதம் ஏன் கதவோடு சேர்ந்து திறக்கிறது என்பதை விளக்கவில்லை. தின்பதற்கென்றால் காக்க வேண்டாமே.

நடைமுறைக்கு: ஈ.கோலையில் செய்த பிளாஸ்மிட்டை ஹீமோபிலஸில் போட்டு எதுவும் வரவில்லை என்றால் அந்த 9 எழுத்தை பிரைமரில் (பி.சி.ஆர் தொடங்கப் போடும் சிறு டி.என்.ஏ துண்டு) சேர்த்துவிடுங்கள். நெய்சீரியாவுக்கும் இதே வழி, அங்கே அடையாளம் “ஜி சி சி ஜி டி சி டி ஜி ஏ ஏ”.

பிப்ரவரி 7, காலை 6.15

நெய்சீரியா கோனோரியே என்றதும் நினைவுக்கு வந்தது. அதற்குக் கட்டுப்பாடே கிடையாது, எந்நேரமும் எடுக்கும். ஆனால் பைலஸ் (செல்லின் மேல் மயிர் போல நீளும் இழை) இருக்க வேண்டும். ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்: பைலஸ் உள்ள காலனி சிறியதாக, மினுங்கலாக, ஓரம் கூர்மையாக, குவிந்து நிற்கும். இல்லாதது பெரியதாக, தட்டையாக, ஓரம் கலங்கி இருக்கும். காலனியைத் தேர்ந்தெடுக்காமல் பொதுவாக அள்ளி மறுபடி மறுபடி புதுத் தட்டுக்கு மாற்றினால் இரண்டாவது வகை மெல்ல ஆக்கிரமித்துவிடும்.

அசினெட்டோபாக்டர் பெய்லி ஏ.டி.பி.1 பசிக் கொள்கைக்கு நேரெதிர். இரவுக் கல்ச்சர் 70 மைக்ரோலிட்டரைப் புது எல்.பி. 1 மில்லியில் போட்டு டி.என்.ஏ சேர்த்து 30 டிகிரியில் 3 மணி நேரம் ஆட்டினால் முடிந்தது. புதுச் சாப்பாடு கிடைத்ததும் கதவு திறக்கிறது.

பிப்ரவரி 7, மதியம் 2.40

விப்ரியோ காலரேயைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது. 2005-இல் மெய்போம், பிளோகேஷ், ஷூல்னிக் குழு காட்டியது: நண்டு ஓட்டின் கைட்டின் மேல் உட்கார்ந்தால்தான் அது டி.என்.ஏ எடுக்கும். கைட்டின் உடைந்த துண்டுகள் டிஎஃப்ஓஎக்ஸ் என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தை எழுப்பும். இது ஹீமோபிலஸின் எஸ்எக்ஸ்ஒய்க்கு உறவு. கூடவே நெருக்கம் கூடி ஹாப்ஆர் என்ற இன்னொரு கட்டுப்பாட்டுப் புரதமும் வர வேண்டும். ஹாப்ஆர் இன்னொரு வேலையும் செய்கிறது: டிஎன்எஸ் என்ற வெளி நியூக்ளியேஸை அடக்குகிறது. இல்லாவிட்டால் செல் தானே வெளியே டி.என்.ஏ-வை வெட்டித் தள்ளிவிடும்.

இங்கே ஒரு குழி. ஜீனோம் முதலில் வெளியான இனம் என்பதால் பலரும் என்16961-ஐ எடுக்கிறார்கள். அதில் ஹாப்ஆர் மரபணு சட்டகம் நகர்ந்து பழுதாகிவிட்டது. எவ்வளவு கைட்டின் போட்டாலும் எடுக்காது. ஏ1552 அல்லது சி6706 வாங்குங்கள். ஊடகத்தில் குளுக்கோஸ் துளியும் கூடாது. செயற்கைக் கடல்நீர், கைட்டின் செதில் 50 முதல் 80 மில்லிகிராம், 30 டிகிரியில் ஆட்டாமல் ஒரு நாள், டி.என்.ஏ 1 முதல் 2 மைக்ரோகிராம், இன்னொரு நாள். கடைசியில் நன்றாக வோர்டெக்ஸ் செய்து செதிலிலிருந்து செல்லை உதிர்க்காவிட்டால் பாதி தட்டுக்கு வராது.

அதே டிஎஃப்ஓஎக்ஸ் இன்னொரு கருவியையும் இயக்குகிறது: பக்கத்துச் செல்லைக் குத்திக் கொல்லும் ஆறாம் வகைச் சுரப்புக் கருவி. 2015-இல் காட்டினார்கள். அண்டை செல்லைக் கொன்று அதன் டி.என்.ஏ-வை எடுத்துக்கொள்கிறது. நிமோகாக்கஸும் சிபிபிடி என்ற நொதியால் ஏற்புத்திறன் வராத சொந்தக்காரர்களையே உடைக்கிறது, காம்எம் என்ற புரதம் உடைக்கும் செல்லை மட்டும் காக்கிறது. கதவைத் திறப்பதும் டி.என்.ஏ-வை வரவழைப்பதும் ஒரே சாவியில் இருக்கின்றன. சாப்பாட்டுக் கொள்கைக்கும் மரபணுக் கொள்கைக்கும் இரண்டுக்குமே இது பொருந்தும் என்பதால் வாதம் இதோடு முடிவதில்லை.

பிப்ரவரி 7, இரவு 9.05 (இழை தொடங்கியவர்)

புது ஊடகத்தில் 168 செய்தேன். பிளாஸ்மிட் டி.ஜி.1-இலிருந்து. 60 காலனி. மகிழ்ச்சி. ஆனால் கல்ச்சரில் கோடிக்கணக்கில் செல் இருக்கும்போது 60 ஏன்? எல்லாச் செல்லும் ஒரே ஊடகத்தில்தானே இருந்தது? காட்டு இனமான 3610-இலும் செய்து பார்த்தேன், பூஜ்யம்.

பிப்ரவரி 7, இரவு 10.30

ஒரே ஊடகம்தான், ஆனாலும் எல்லாச் செல்லும் திறப்பதில்லை. 168-இல் நல்ல நாளில் 10 முதல் 20 சதவீதம். காம்கே தன்னைத்தானே தூண்டுவதால், எந்தச் செல்லில் தற்செயலாக காம்கே-யின் ஆர்.என்.ஏ பிரதி நாலைந்து கூடுதலாக எழுந்ததோ அது எல்லையைத் தாண்டி மேலே போகும், பக்கத்துச் செல் கீழேயே இருக்கும். 2007-இல் டப்னாவ் குழு அந்தத் தற்செயல் ஏற்ற இறக்கத்தைக் குறைத்துப் பார்த்தது: ஏற்புத்திறன் வரும் செல்களின் எண்ணிக்கை விழுந்தது. இரண்டு கூட்டமும் அடர்த்தியிலேயே வேறு, சரிவுக் கரைசலில் சுழற்றினால் தனித்தனிப் பட்டையாகப் பிரியும் என்று 1968-லேயே தெரியும். நிமோகாக்கஸில் இப்படி இல்லை, சி.எஸ்.பி. ஊற்றினால் ஏறத்தாழ மொத்தக் கூட்டமும் திறக்கும்.

எண்ணிக்கை கூட வேண்டுமென்றால் இயற்கைச் செய்தியைச் சுற்றிக்கொண்டு போகும் வழி உண்டு. சைலோஸ் புரோமோட்டரின் கீழ் காம்கே வைத்த எஸ்.சி.கே.6 இனம். இரவுக் கல்ச்சரைப் புது எல்.பி.யில் ஓ.டி. 1-க்கு நீர்க்கச் செய்து, சைலோஸ் 1 சதவீதம், 2 மணி நேரம், அவ்வளவுதான். கேசின் கணக்கு, ஜன்னல் கணக்கு எதுவும் வேண்டாம்.

3610-க்கு வேறு காரணம். அதில் பிபிஎஸ்32 என்ற பெரிய பிளாஸ்மிட் இருக்கிறது, அதிலுள்ள காம்ஐ என்ற சிறு சவ்வுப் புரதம் இழுக்கும் கருவியை முடக்குகிறது. அந்தப் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாற்றிய டி.கே.1042 இனத்தை எடுங்கள். 168 இவ்வளவு காலம் ஆய்வகத்தின் செல்லப் பிள்ளையாக இருப்பதற்கு, அந்தப் பிளாஸ்மிட்டை அது தொலைத்ததும் ஒரு காரணம்.

பிப்ரவரி 8, காலை 7.10

60 என்ற எண்ணை மட்டும் வைத்து எந்தப் படி பலவீனம் என்று பிரிக்க முடியாது. அடுத்த முறை நாலு குழாய் வையுங்கள். முதலாவதில் டி.என்.ஏ இல்லை. இரண்டாவதில் குரோமோசோம் டி.என்.ஏ, எதிர்ப்பு மரபணு உள்ள வேறு 168-இலிருந்து, 1 மைக்ரோகிராம். மூன்றாவதில் உங்கள் பிளாஸ்மிட். நாலாவதில் அதே பிளாஸ்மிட், ஆனால் டி.என்.ஏ போடும்முன்பே டி.என்.ஏ வெட்டும் நொதி, மெக்னீசியத்தோடு. இரண்டாவது ஆயிரக்கணக்கில் வந்து மூன்றாவது 60-இலேயே நின்றால் செல் நன்றாக இருக்கிறது, பிளாஸ்மிட்டின் பன்மடி அளவு போதவில்லை. இரண்டும் குறைந்தால் ஜன்னலைத் தவறவிட்டீர்கள். நாலாவதில் காலனி வந்தால் அது எதிர்ப்பு மருந்து பழசானதால் வந்த பொய்க் காலனி.

வளைவுக்குப் பின் 30, 60, 90, 120 நிமிடத்தில் நாலு முறை எடுத்துச் செய்துவிடுங்கள். உங்கள் ஷேக்கருக்கும் உங்கள் குடுவைக்கும் ஜன்னல் எங்கே என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். எண்ணிக்கையை இங்கே போடுங்கள், ஒவ்வொன்றும் எந்த ஓ.டி.யில் எடுத்தது என்பதையும் சேர்த்து.